பொன் விளைந்த ஊரில் பள்ளி நூலகம்

தங்கவயலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பொன்னின் கணக்கையே எழுதினர். சுரங்கம் எத்தனை அடி ஆழம், கல்லிலிருந்து பிரித்தெடுத்த பொன் எத்தனை டன், கம்பெனிகள் எத்தனை என்னும் விவரங்கள் ஏடுகளில் நிறைந்து கிடக்கின்றன. அப்பொன்னை வெட்டியெடுத்த மக்கள் எதைப் படித்தனர், தம் பிள்ளைகளின் கையில் எந்நூலைக் கொடுத்தனர் என்னும் மற்றொரு கணக்கு அத்துணை விரிவாக எழுதப்படவில்லை. அந்த இரண்டாம் கணக்கின் ஒரு சிறு பகுதியை, ஒரு பள்ளி நூலகத்தின் ஓராண்டைத் துணையாகக் கொண்டு, நாம் இங்கே எண்ணிப் பார்ப்போம்.

எந்த ஒரு பள்ளியையும் பெயர் சுட்டிப் பேசுவது நம் நோக்கமன்று. ஊரிகத்திலும், மாரிகுப்பத்திலும், சாம்பியன் ரீபிலும், இராபர்ட்சன்பேட்டையிலும் பயின்றோர் பலரும் அறிந்த நூலகம் ஒன்று உண்டு. ஆசிரியர் அறையின் ஒரு மூலையில் கண்ணாடிக் கதவிட்ட ஓர் அலமாரி, அதனுள் பழுப்புத் தாள் உறையிட்ட சில நூறு நூல்கள், ஒரு பதிவேடு, ஒரு சாவி. அவ்வலமாரியே நம் கட்டுரைப் பொருள்.

குடிபுகுந்தோர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், ஜான் டெய்லர் நிறுவனத்தாரின் நிர்வாகத்தில் சுரங்கத் தொழில் இங்கே வேரூன்றியது. மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்னும் சுரங்கங்களின் பெயரே அவற்றைச் சூழ்ந்த குடியிருப்புகளின் பெயராகவும் நிலைத்தது. 1894-இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை இருப்புப்பாதை வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்திறங்கினர்.

வந்தவருள் பெரும்பாலோர் நிலமற்றோர். ஒடுக்கப்பட்ட குலங்களிற் பிறந்தோர். சொந்தக் கிராமத்தில் பள்ளியின் திண்ணையையும் மிதிக்க இயலாதிருந்தோர். அவர்கள் கொண்டுவந்த மூட்டையில் புத்தகம் இருந்திருக்க வழியில்லை. ஆயினும் ஒரு தலைமுறைக்குள் தங்கவயல் தமிழ் நூல்களை வாங்கும் ஊராக மட்டுமன்றி, அச்சிட்டு வெளியிடும் ஊராகவும் மாறியது. இஃது எங்ஙனம் நிகழ்ந்தது என்பதைப் பள்ளியாண்டின் திங்கள்களே நமக்குக் காட்டும்.

ஜூன்: இரு விளக்குகள்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் ஜூன் திங்களில் வருகைப் பதிவேடு புதிதாகும், பாடநூல் வரும், மணி ஒலிக்கும். நூலக அலமாரியின் சாவி மட்டும் எல்லாவற்றிற்கும் பின்னரே வெளிவரும். எனினும் தங்கவயலின் வரலாற்றில் ஜூன் திங்களுக்குத் தனிச் சிறப்புண்டு. இரு விளக்குகள் இத்திங்களில் ஏற்றப்பட்டன.

ஒன்று, 1902 ஜூன் 30 அன்று காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து வந்த மின்சாரம். பெங்களூர் நகருக்கு மின்விளக்கு வந்ததோ 1905-இல்தான். எனினும் தங்கவயலுக்கு வந்த அம்மின்சாரம் சுரங்க எந்திரங்களை இயக்குவதற்கென வந்தது. தொழிலாளர் குடிசையில் ஏடு படிப்பதற்கென வந்ததன்று.

மற்றொரு விளக்கு சென்னை இராயப்பேட்டையில் ஏற்றப்பட்டது. 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. அரசியல், சமயம், இலக்கியம், மருத்துவம், உழவு எனப் பல பொருளையும் பேசிய அவ்விதழை ஊன்றிப் படித்த ஊர்களுள் தங்கவயல் முதன்மையானது. 1898-இல் பண்டிதர் சென்னையில் தோற்றுவித்த சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிகுப்பத்தில் வேரூன்றி, அவ்விதழுக்கு வாசகரையும் எழுதுவோரையும் ஒருங்கே அளித்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, தெரியாதோர் சூழ்ந்திருந்து கேட்பது அக்காலத்துத் தமிழ்நாட்டு வழக்கம். ஷிப்டு முடித்து வந்த உடல் களைப்போடு கேட்டவர்களே, தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் துணிந்த முதல் தலைமுறையினர். ஆகவே பள்ளி நூலகத்தின் மூதாதையைத் தேடுவோர் லைன் வீடுகளின் வாயிலில் நிகழ்ந்த அந்த வாசிப்பிற்குத்தான் செல்ல வேண்டும்.

ஆகஸ்டு, செப்டம்பர்: கணக்காசிரியர் கண்ட நெறி

ஆகஸ்டு 12 நம் நாட்டில் நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதனாரின் பிறந்தநாள் அது. கல்லூரியிற் கணிதம் கற்பித்து வந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். இலண்டனில் பயிற்சி பெற்ற காலத்தில், துண்டுகளைப் பூட்டி வெவ்வேறு பொறிகளைச் செய்யும் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கடையொன்றில் கண்டு, அதனின்று நூல்களைப் பகுக்கும் புதுமுறைக்குக் கரு கொண்டார். அம்முறை 1933-இல் கோலன் பகுப்புமுறை என வெளிவந்து உலகெங்கும் பெயர் பெற்றது.

1931-இல் அவர் வெளியிட்ட நூலக ஐந்து விதிகளுள் முதலாவதன் கருத்து மிக எளியது: நூல் இருப்பது பயன்படுவதற்காக. இவ்வளவு வெளிப்படையான செய்திக்கு ஒரு விதி எதற்கு என்று வினவுவோர், தாம் பயின்ற பள்ளியின் அலமாரியை நினைவுகூர்ந்தால் போதும், விடை கிடைத்துவிடும்.

அரங்கநாதனாரும் நம்மைப் போன்று கருநாடகத்திற் குடியேறிய தமிழரே என்பதை நம் இல்லத்துப் பிள்ளைகள் அறிய வேண்டும். 1957 முதல் அவர் பெங்களூரில் வாழ்ந்தார். 1962-இல் அங்கே ஆவணமாக்க ஆய்வு பயிற்சி மையம் தோன்றக் காரணராயிருந்தார். 1972 செப்டம்பர் 27 அன்று அந்நகரிலேயே மறைந்தார். 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியதற்கும், 1965-இல் மைசூர் மாநிலம் தன் நூலகச் சட்டத்தை இயற்றியதற்கும் அவருடைய முயற்சியே அடிப்படை. பிறந்த நாட்டிற்கும் புகுந்த நாட்டிற்கும் ஒரே செல்வத்தை ஒருவர் வழங்கிச் சென்றது அரிய செய்தியன்றோ!

அதே 1965-இல் தங்கவயலில் மற்றோர் அரிய செய்தியும் நிகழ்ந்தது. சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் அமைத்த கருவிகள், காற்று மண்டலத்தில் உண்டாகிப் பூமியை ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைப் பதிவு செய்தன. தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கம் ஒன்றிலும் அவ்வாண்டில் இத்தகைய ஆய்வு வெற்றி கண்டது. உலக அறிவியல் ஏடுகளில் கோலாரின் பெயர் ஏறியது. தந்தை இறங்கும் சுரங்கத்தில் நிகழ்ந்த இவ்வற்புதத்தைச் சிறுவன் ஒருவன் தன் தாய்மொழியிற் படித்தறியும்படி எளிய தமிழ் நூலொன்று அவன் பள்ளியின் அலமாரியில் இருத்தல் வேண்டும். அறிவியல் அயலாருடையது என்னும் எண்ணம் அவனுக்கு ஒருநாளும் தோன்றாது.

அக்டோபர், நவம்பர்: பூசையும் புறப்பாடும்

தசரா விடுமுறையை ஒட்டிச் சரசுவதி பூசை வரும். நூல்களை அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் இட்டு வழிபடுவோம். அன்று படித்தலாகாது என்பது வழக்கம். மறுநாள் விசயதசமியன்று நூலை எடுத்துப் படித்தே ஆகவேண்டும் என்பதும் அதே மரபின் மறுபாதி. நம் பள்ளி அலமாரிகள் பலவற்றிற்கு ஆண்டு முழுவதும் சரசுவதி பூசைதான், விசயதசமி வருவதேயில்லை.

இதற்கு மாறான காட்சியொன்றைத் தஞ்சை மண் கண்டிருக்கிறது. 1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் நடமாடும் நூலகம் ஒன்று புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் தம் முயற்சியால் மாட்டு வண்டியொன்றில் நூல்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பினார். அரங்கநாதனார் அம்முயற்சிக்குத் துணை நின்றார். வாசகர் வாராவிடில் நூல் வாசகரிடம் செல்லும் என்னும் கொள்கைக்கு அவ்வண்டி சான்றாயிற்று. ஒரு பள்ளியில் இதற்கு வண்டியும் வேண்டா, மாடும் வேண்டா. வாரம் ஒரு நாள் முப்பது நூல்களை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு வகுப்பிற்குச் செல்லும் ஆசிரியர் ஒருவர் போதும்.

நவம்பர் முதல் நாள் கன்னட இராச்சியோற்சவம். 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். இது 1968 முதல் நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. இவ்விரண்டும் ஒரே திங்களில் அமைந்தது நமக்கு ஒரு குறிப்பு. ஊரிகத்துப் பள்ளி அலமாரியில் தமிழ்நூலோடு கன்னடநூலும் ஆங்கிலநூலும், பல பள்ளிகளில் தெலுங்குநூலும் உருதுநூலும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். கோலார் மாவட்டம் மாலூர் வட்டத்தைச் சேர்ந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர். கன்னடச் சிறுகதையின் தந்தை எனப் போற்றப்பட்டவர். 'சிக்கவீர ராஜேந்திர' என்னும் புதினத்திற்காக 1983-ஆம் ஆண்டின் ஞானபீட விருதைப் பெற்றவர். அண்டை மொழியைக் கற்பதால் தாய்மொழி தேய்ந்துவிடும் என்று அஞ்சுவோரும், தாய்மொழியைப் பேணுவதால் அண்டை மொழிக்குப் பகை உண்டாகும் என்று ஐயுறுவோரும் அவ்வலமாரியின் முன் சிறிது நேரம் நிற்பாராக.

பிப்ரவரி: சங்கு ஓய்ந்த நாள்

பொங்கல் கழிந்ததும் பள்ளியில் தேர்வுக் காய்ச்சல் தொடங்கும். கதைநூல் வைத்திருக்கும் பிள்ளைக்கு வீட்டில் வசை கிடைக்கும். நூலகப் பதிவேட்டில் வரிகள் குறையும்.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் உடைமையாயின. 1962-இல் மத்திய அரசின் கைக்கு வந்தன. 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்னும் பெயரில் இயங்கின. 2001 பிப்ரவரி 28 அன்று அவை மூடப்பட்டன. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட பொன்னை ஈந்த நிலம், சயனைடு மண்மேடுகளைக் காட்டி நின்றது. வேலையிழந்த குடும்பங்கள் திகைத்தன. பலர் பெங்களூரிலும் ஓசூரிலும் சென்னையிலும் குடியேறினர். எஞ்சியோருள் ஆயிரக்கணக்கானோருக்கு விடியலில் மாரிகுப்பம் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புவதே வாழ்வாயிற்று.

அவ்வாண்டு பள்ளி நூலகங்களுக்கு நேர்ந்ததை எந்த அரசாணையும் பதிவு செய்யவில்லை. பிள்ளை மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் செல்கையில் இரவல் நூலைத் திருப்பித் தருவது விதி. தந்து சென்றனர். நூல்கள் அலமாரிக்குத் திரும்பின, வாசகர்கள் திரும்பவில்லை. பொன் தீர்ந்தால் சுரங்கம் மூடுவது போன்று, வாசகர் தீர்ந்தால் நூலகமும் மூடும். பூட்டு அதற்கு முன்னரே தொங்கிக்கொண்டிருப்பதால், மூடியது எந்நாள் என்பதும் ஒருவருக்கும் தெரிவதில்லை.

மார்ச், ஏப்ரல்: கணக்கெடுப்பு

ஆண்டிறுதியில் இருப்புச் சரிபார்ப்பு நடைபெறும். பதிவேட்டில் உள்ள எண்ணும் அலமாரியில் உள்ள நூலும் ஒத்திருக்க வேண்டும். நூலகப் பொறுப்பு ஏற்ற ஆசிரியருக்கு இந்நாள் ஒரு சோதனை. நூல் குறைந்தால் தம் ஊதியத்திற் பிடித்தம் வருமோ என்னும் அச்சம் அவரைப் பிடித்தாட்டும். அலமாரி பூட்டியே இருப்பதற்கு அவருடைய சோம்பலைக் காட்டிலும் இவ்வச்சமே பெருங்காரணம். பிள்ளைகள் தொடாத நூல் தொலையாது. தொலையாத நூலுக்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை.

நாள்தோறும் கோப்புகளோடு பழகும் நம் போன்ற அலுவலக எழுத்தர்கள் இங்கே ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215-ஆம் விதி நூலகச் சரிபார்ப்பைப் பற்றியது. இருபதாயிரம் நூல் வரையுள்ள நூலகங்களில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு வேண்டும் என்று கூறும் அவ்விதியே, வழங்கப்பட்டும் பார்வையிடப்பட்டும் வந்த நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து ஓராண்டில் இழப்பாவது இயல்பே என்றும், நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாகாதவிடத்து அதனை ஏற்றுக்கொள்ளலாம் என்றும் இடமளிக்கிறது. மாநிலப் பள்ளிகளுக்கு அவ்விதி நேரே பொருந்தாது எனினும், அதன் உட்கருத்து யாவருக்கும் பொருந்தும். புழங்கும் நூல் தேயும், சில தொலையும். ஒரு நூலும் தொலையாத நூலகம் எவரும் படிக்காத நூலகமாக இருக்கவும் கூடும். கணக்கை மட்டுமே அறிந்த அரசாங்கமே இவ்வளவு இரக்கம் காட்டும்போது, கல்வியை அறிந்த நாம் சற்றே கூடுதலாகக் காட்டலாம்.

ஏப்ரல் திங்கள் தங்கவயலுக்கு மற்றொரு நினைவையும் தருகிறது. 1930 ஏப்ரலில், தொழிலாளர் யாவரும் கைரேகை பதிந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கம்பெனிகள் பிறப்பித்த ஆணையை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. குற்றவாளிகளைப் போன்று தம்மை ரேகையால் அடையாளம் காண்பதோ என்று அவர்கள் மனம் கொதித்தனர். எழுதப் படிக்கத் தெரியாதோரே மிகுதியாயிருந்த அக்கூட்டம் தன் மதிப்பை அறிந்திருந்தது. அவர்களுடைய பேரர்கள் நூலகப் பதிவேட்டில் தம் பெயரைத் தம் கையால் எழுதி நூல் பெற்றனர். பதிவேட்டின் அந்த ஒரு கையொப்பத்தை வெறும் எழுத்தாகக் காணாது, மூன்று தலைமுறையின் பயணமாகக் காண்பதே வரலாற்றுணர்வு.

மே: பூட்டிய கதவும் திறந்த ஏடும்

மே திங்களில் பள்ளிக்கு விடுமுறை. அலமாரிக்குள் அந்துருண்டையின் மணம் பரவும். இராமபாணப் பூச்சி தன் வேலையைத் தொடங்கும். படிப்பதற்குப் பிள்ளைகளுக்கு நேரம் மிகுந்த திங்களில் நூல்கள் சிறையிருப்பது நம் பள்ளி முறையின் விந்தைகளுள் ஒன்று.

அயோத்திதாசப் பண்டிதர் பிறந்ததும் மறைந்ததும் மே திங்களில்தான். 1845 மே 20 அன்று பிறந்து, 1914 மே 5 அன்று மறைந்தார். அவருக்குப் பின் சில காலம் நடந்து நின்றுபோன 'தமிழன்' இதழைத் தங்கவயலே மீண்டும் உயிர்ப்பித்தது. 1926 முதல் பண்டிதமணி ஜி. அப்பாதுரையார் அதனை இங்கிருந்து நடத்தினார். சாம்பியன் ரீபில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை, பண்டிதரின் நூல்களைத் தொடர்ந்து பதிப்பித்தது. பெரும் பதிப்பகங்களும் பல்கலைக்கழகங்களும் அவற்றை நாடாத காலத்தில், சுரங்கத் தொழிலாளரின் கைப்பொருளும் ஆர்வமுமே அவற்றைத் தாங்கின.

அன்பு பொன்னோவியம் போன்ற ஆர்வலர்கள் பழைய இதழ்களையும் நூல்களையும் பல்லாண்டு பேணி வைத்திருந்தனர். 1999-இல் ஞான அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தபோது, தமிழுலகம் பண்டிதரை மறுமுறை கண்டது. இன்று பல்கலைக்கழகங்களில் அவரைப் பற்றி ஆய்வுகள் நடைபெறுகின்றன. அவ்வாய்வுகளின் வேர் தங்கவயலின் சின்னஞ்சிறு புத்தகசாலையிலும், எளிய மக்களின் வீட்டுப் பெட்டிகளிலும் இருக்கிறது. பொன்னைக் கம்பெனியார் கொண்டு சென்றனர். ஏட்டை மக்கள் வைத்துக்கொண்டனர். இரண்டனுள் எது இன்றும் பயன் தருகிறது என்பதைக் காலம் காட்டிவிட்டது.

நம் கடமை

இங்ஙனம் பன்னிரு திங்களையும் நோக்கியபின் நமக்குத் தெளிவாகும் உண்மை ஒன்று. தங்கவயலில் நூலை உயிரோடு வைத்தது கட்டடமும் மானியமும் ஆகா. பைசா கொடுத்து வாங்கி, பலர் கூடிக் கேட்டு, பெட்டியில் வைத்துப் பேணி, மீண்டும் அச்சிட்டு, அடுத்தவர் கையில் கொடுத்த வாசகரே அதனை வாழ்வித்தனர். பள்ளி அலமாரி அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற உரிமை. அதைப் பூட்டி வைப்பது அவர்களுடைய உழைப்பைப் பூட்டி வைப்பதாகும்.

வேற்றூர்களில் வாழும் நம் குடும்பங்கள் இதற்குச் செய்யத்தக்கவை அரியனவல்ல. பிறந்தநாள் தோறும் பிள்ளையின் பெயரால் ஒரு தமிழ்நூலையும், வாழும் மாநில மொழியில் ஒரு நூலையும் அவன் பயிலும் பள்ளிக்கு அளிக்கலாம். சொந்த ஊருக்குச் செல்லும்போது பழைய பள்ளியின் தலைமையாசிரியரைக் கண்டு, அலமாரி வாரம் ஒரு நாள் திறப்பதற்கு வேண்டிய உதவியைக் கேட்டறியலாம். கிழிந்த நூல்களுக்கு அட்டை கட்டும் செலவைச் சிலர் கூடி ஏற்கலாம். முதியோரின் பெட்டிகளில் பழைய இதழோ, துண்டறிக்கையோ, கடிதமோ இருப்பின், எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். இன்னொரு வரலாறு அதனுள் உறங்கிக்கொண்டிருக்கக் கூடும். சங்கங்கள் விழா எடுக்கும்போது பொன்னாடைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைப் பள்ளி நூலகத்துக்கு ஒதுக்கலாம். பொன்னாடை ஒருவர் தோளில் ஒருநாள் கிடக்கும். நூல் நூறு கைகளில் ஏறி இறங்கும்.

வருகின்ற ஜூன் திங்களில் பள்ளி மணி ஒலிக்கும்போது, அலமாரியின் சாவியும் முதல் வாரத்திலேயே வெளிவரட்டும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இறங்கிக் கல்லை உடைத்தோர் தம் பிள்ளைகளுக்கு விரும்பிய செல்வம், கைக்கெட்டும் உயரத்தில் கண்ணாடிக் கதவின் பின்னே இருக்கிறது. அக்கதவைத் திறக்கும் பொறுப்பு நம்முடையது.